பியூகிள் மறைந்த பின்னும் ஒலிக்கும் பெயர்கள்

ஒரு கலையை வாழவைப்பது எது? கருவியா? இலக்கணமா? புரவலர் ஈந்த பொருளா? அன்றி, அக்கலையைக் கையில் ஏந்தி நின்ற மனிதரா? தமிழிலக்கியம் பயில்வோர்க்கு இவ்வினா புதிதன்று. யாழ் மறைந்தது, பாணரும் மறைந்தனர். எனினும் பரிசில் பெற்று மீண்ட ஒருவன், வறுமையுற்று வழியிடை வந்த மற்றொருவனுக்கு வழிகாட்டிய ஆற்றுப்படைகள் இன்றும் நம் கையில் உள்ளன. ஒரு கலைஞன் இன்னொருவனை நினைத்தான். அந்நினைவே இலக்கியமாய் நின்றது.

இதே வினாவுக்கு நம் மண்ணிலிருந்து வெகு தொலைவில், அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஓர் இசைமரபு தந்துள்ள விடை எண்ணிப் பார்க்கத்தக்கது. அங்கு 'டிரம் அண்ட் பியூகிள் கோர்' என வழங்கும் அணிகளை முரசு பியூகிள் அணிகள் என நாம் தமிழில் சொல்லலாம். முரசொலிப்போர், பித்தளைக் குழல் ஊதுவோர், கொடி வீசுவோர் ஆகியோர் கூடி, திடலில் அணிநடையிட்டுக்கொண்டே இசைக்கும் இளைஞர் குழுக்கள் அவை. அம்மரபின் வரலாற்றைக் காட்டிலும், அம்மரபினர் தம்மோடு வாழ்ந்த மனிதரை நினைவுகூரும் முறையே என் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனோடு அம்மரபு அண்மையில் சந்தித்த ஒரு கசப்பான சோதனையையும் சொல்லாது விடுதல் முறையாகாது.

போர்க்களத்திலிருந்து திடலுக்கு

பியூகிளை நம் மாணவர் அறிவர். தேசிய மாணவர் படையில் பயின்றோர் கொடியேற்றும் நாட்களில் அதன் குரலைக் கேட்டிருப்பர். வால்வு ஏதுமற்ற எளிய குழல் அது. இதழின் இறுக்கமும் மூச்சின் அழுத்தமுமே அதன் ஓசையை வேறுபடுத்தும். படை அழைப்புகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடும்.

1862ஆம் ஆண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வர்ஜீனியாவில் பாசறை அமைத்திருந்த வடவர் படைத்தலைவர் டேனியல் பட்டர்ஃபீல்டு, இரவில் விளக்கணைப்பதற்குரிய பியூகிள் அழைப்பைத் திருத்தியமைத்தார். 'டாப்ஸ்' எனப் பெயர் பெற்ற அவ்வழைப்பில் உள்ளவை 24 சுரங்களே. நாளடைவில் அது மறைந்த படைவீரரை மண்ணுக்கு ஒப்படைக்கும் வேளையில் ஊதப்படும் இசையாயிற்று. இவ்வாறு பியூகிள் படையை எழுப்பும் கருவியாய் இருந்ததோடு, பிரிந்தவரை நினைக்கும் கருவியாகவும் ஆனது.

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் 1919இல் 'அமெரிக்கன் லீஜன்' என்னும் சங்கத்தை நிறுவினர். அதன் கிளைகள்தோறும் முரசும் பியூகிளும் கொண்ட அணிகள் தோன்றின. போரில் உடன் நின்றவர், அமைதியிலும் உடன் நிற்க விரும்பினர்போலும். காலப்போக்கில் அவ்வணிகள் தம் பிள்ளைகளுக்கும் தெருவில் திரியும் சிறுவர்க்கும் இடமளித்தன. சாரணர் குழுக்களும் தேவாலயங்களும் புரவலராயின. நியூ ஜெர்சி மாநிலத்துக் கார்ஃபீல்டு ஊரில், ஒரு தேவாலயத்தின் நிழலில், 1934இல் 'ஹோலி நேம் கேடட்ஸ்' தோன்றியது. விஸ்கான்சினில் 1938இல் 'மேடிசன் ஸ்கவுட்ஸ்' எழுந்தது. சிகாகோவில் 111ஆம் எண் சாரணர் குழுவிலிருந்து 1948இல் டான் வாரன் என்பார் 'கேவலியர்ஸ்' அணியை உருவாக்கினார். வயோமிங் மாநிலத்துக் காஸ்பர் நகரில் 1957இல் ஜிம் ஜோன்ஸ் 'ட்ரூப்பர்ஸ்' அணியைத் தொடங்கி, அவ்வட்டாரத்தில் முன்னொரு காலத்தில் காவல் புரிந்த ஒகையோ குதிரைப்படையினரின் உடையை இளைஞர்க்கு அணிவித்தார்.

போட்டியின் விதிகளை வகுக்கும் உரிமை படைவீரர் சங்கங்களின் கையிலேயே நெடுங்காலம் இருந்தது. 1971இல் சில அணிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி, எம் கலையை யாமே ஆள்வோம் எனத் துணிந்தனர். அதன் பயனாக 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்னும் அமைப்பு பிறந்தது. 1972இல் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டரில் அதன் முதல் வாகைப்போட்டி நிகழ்ந்தது. கலிஃபோர்னியாவின் 'அனஹைம் கிங்ஸ்மென்' அணி அதில் வென்றது.

மாறியவை அனைத்தும்

இனி, விந்தையான ஒரு செய்தி. இம்மரபில் எது மாறாமல் நின்றது எனத் தேடினால், கைக்கு எதுவும் அகப்படுவதில்லை!

முதலில் பியூகிளே மாறிற்று. வால்வற்ற குழலுக்கு ஒரு வால்வு வந்தது. பின்னர் இரண்டு வந்தன. 1990இல் மூன்று வால்வுக் குழல்களும் ஏற்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு முதல் எச்சுருதியில் அமைந்த பித்தளைக் குழலும் ஆகலாம் என்றாயிற்று. இன்று அவ்வணிகளில் ஊதப்படுவன பெரும்பாலும் டிரம்பெட் முதலிய பொதுவான இசைக்குழுக் கருவிகளே. 2004இல் ஒலிபெருக்கி நுழைந்தது. 2009இல் மின்னணு இசைக்கருவிகள் நுழைந்தன. பெயரில் பியூகிள் இருக்கிறது. கையில் பியூகிள் இல்லை.

புரவலரும் மாறினர். நேர்கோட்டில் நடந்த படைநடை, வளைந்தும் குவிந்தும் விரியும் கூத்தாக மாறிற்று. உலகப் போர்களுக்குப் பின் ஊர்தோறும் நகர்தோறும் நூற்றுக்கணக்கில் எழுந்த அணிகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. தெருப்பிள்ளைகள் கட்டணமின்றிச் சேர்ந்த காலமும் போயிற்று. இன்று ஒரு பருவத்திற்குப் பல ஆயிரம் டாலர் செலுத்த வேண்டியுள்ளது. இது வருந்தத்தக்க மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இத்தனையும் மாறிய பின்னர் அது அதே மரபுதானா? 1950களில் ஊதிய முதியவரும் சென்ற ஆண்டு ஊதிய இளைஞரும் ஒரே பந்தியில் அமர்ந்து 'நம் அணி' என்கிறார்களே, எந்த உரிமையால்? ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கற்பித்தல் இடையறாது வந்தது என்னும் உரிமையால்தான். மூத்தவர் இளையவருக்குக் கோலைப் பிடிக்கும் முறையைக் காட்டினார். அவ்விளையவர் மூத்தவராகித் தமக்குப் பின் வந்தவருக்குக் காட்டினார். மரபென்பது இச்சங்கிலியே. கருவி அதில் கோத்த மணி மட்டுமே.

பெயர் நிலைத்தோர்

கேல் ராயர் என்னும் இசையாசிரியர் 1967இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா நகரில் 'வாங்கார்டு' அணியைத் தொடங்கினார். 25 ஆண்டுகள் அதனை நடத்தினார். 1973, 1974, 1978, 1981, 1989 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி வாகை சூடிற்று. 1992இல் பொறுப்பிலிருந்து விலகிய அவர் மறு ஆண்டே மறைந்தார். உழைப்பையெல்லாம் ஒன்றில் வைத்தவர், அதைக் கைவிட்டபின் நெடுநாள் வாழவில்லை. 2023ஆம் ஆண்டுப் பருவத்தில் பொருள் நெருக்கடியால் வாங்கார்டு களமிறங்க இயலாமற் போயிற்று. 2024இல் மீண்டும் எழுந்து வந்தது. வித்திட்டவர் மறைந்து 30 ஆண்டுகள் கழிந்தபின்னும் அம்மரம் தழைத்ததென்றால், வேர் எத்துணை ஆழமானது!

ஜிம் ஆட் என்பார் ஊதுகருவிகளுக்கு இசையமைத்துப் பயிற்றுவித்தவர். ஸ்டாக்டன் நகரத்து அணியிலும் பின்னர் 'ஸ்பிரிட் ஆஃப் அட்லாண்டா' அணியிலும் அவர் எழுப்பிய நாதத்தை இன்னும் முதியோர் வியந்து பேசுவர். 1980ஆம் ஆண்டு, அணிகள் ஊர் ஊராய்ச் செல்லும் கோடைக் காலத்தில், ஊர்தி விபத்தில் அவர் உயிரிழந்தார். தம் ஆசிரியரை இழந்த பிள்ளைகள் அப்பருவத்தை நிறுத்திவிடவில்லை. அவர் அமைத்த இசையையே ஊதி முடித்தனர்.

ஜார்ஜ் ஜிங்காலி அணிநடையை வரைந்தவர். சதுரமும் கோடுமாய் நடந்த படையை, நீர்ச்சுழி போலவும் அலை போலவும் அசைய வைத்தவருள் அவர் முதன்மையானவர். 1983, 1984, 1985 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கேடட்ஸ் அணி பெற்ற வெற்றியில் அவர் கைவண்ணம் உண்டு. 1992இல் அவர் மறைந்தார். மார்ட்டி ஹர்லி, நியூ ஆர்லியன்சில் ஓர் ஆண்கள் பள்ளியின் இசைக்குழுவை நடத்தியவர். ஆண்டெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும், கோடைதோறும் ராக்ஃபோர்டு நகரத்துப் 'பாண்டம் ரெஜிமெண்ட்' அணியினர்க்கும் முரசு கற்பித்தார். 2011இல் மறையும் வரை அவர் ஆசிரியராகவே இருந்தார்.

இவர்களுள் எவரும் பெருஞ்செல்வரல்லர். நாடறிந்த அரசியலாரும் அல்லர். ஆசிரியர்கள், அவ்வளவே. எனினும் ஆண்டுதோறும் வாகைப்போட்டியில் சிறந்த ஊதுகருவிப் பிரிவினர்க்கு ஜிம் ஆட் பெயரிலும், சிறந்த முரசுப் பிரிவினர்க்கு வாங்கார்டின் முரசாசிரியர் ஃபிரெட் சான்ஃபோர்டு பெயரிலும், சிறந்த கொடியணியினர்க்கு ஜிங்காலி பெயரிலும் விருது வழங்கப்படுகிறது. அவர்கள் இறந்து பல்லாண்டு சென்றபின் பிறந்த பிள்ளை ஒன்று அவ்விருதைப் பெறுகையில், 'யார் இவர்?' எனக் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு முதியவர் அருகில் இருப்பார். சிலை எழுப்புவதினும் இது சிறந்த நினைவுச்சின்னம் என்பேன். சிலையைக் கடந்து சென்றுவிடலாம். கேள்வியைக் கடக்க முடியாது.

பெயர் அறியப்படாதோர்

ஆயினும் இவ்வணியினர் தமக்குள் கூடிப் பேசும்போது மிகுதியாக நினைவுகூர்வது விருதில் இடம்பெற்றோரை அன்று. அவர்தம் கோடை வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரிய அணியெனில் 150க்கு மேற்பட்ட இளைஞர். பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. மாலையில் ஓர் ஊரில் நிகழ்ச்சி. இரவில் பேருந்து இருக்கையிலேயே உறக்கம். விடியுமுன் வேறோர் ஊரின் பள்ளிக்கூடத்தை அடைந்து, அதன் விளையாட்டுக்கூடத் தரையில் படுக்கை விரித்து எஞ்சிய தூக்கம். ஏறத்தாழ மூன்று மாதம் இவ்வாறே கழியும்.

இவ்வளவு பேருக்கும் நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு சமைப்பவர் யார்? சமையற்கூடமாக மாற்றிய ஒரு சரக்குந்தில் நின்று, தம் விடுமுறை நாட்களைத் தந்து, கூலி பெறாது உழைக்கும் தாய்மாரும் தந்தைமாரும் ஓய்வுபெற்ற முதியோருமே. கிழிந்த சீருடையை இரவோடிரவாகத் தைப்பவர் யார்? அவர்களே. உறங்கும் பிள்ளைகளைச் சுமந்து நெடுஞ்சாலையில் கண்விழித்துப் பேருந்து ஓட்டும் ஓட்டுநரை வாகைப்பட்டியலில் யார் தேடுவர்? தம் பிள்ளை வயது கடந்து அணியை விட்டு நீங்கிய பின்னரும், 'மற்றவர் பிள்ளைகள் இருக்கின்றனரே' எனக் கோடைதோறும் வந்து கரண்டி பிடிக்கும் பெரியோரும் உளர்.

வயது கடத்தல் என்பது அவர்தம் வாழ்வில் பெரிய சொல். இளைஞர் அணியில் 21 வயதுக்கு மேல் இடமில்லை. அப்பருவத்தின் இறுதி இரவில், கடைசிச் சுரம் ஓய்ந்ததும், மூத்தோர் நின்ற இடத்திலேயே அழுவர். திடலில் தம் வலப்பக்கத்தில் நின்றவன் யார், இடப்பக்கத்தில் நின்றவள் யார் என்பதை நாற்பது ஆண்டு கழிந்தும் தடுமாற்றமின்றிச் சொல்வர். மாசசூசெட்ஸ் மாநிலத்து ரிவியர் ஊரின் '27ஆம் லான்சர்ஸ்' அணி, 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் இசைத்த பெருமையுடையது. 1986க்குப் பின் அது களத்திற்கு வரவில்லை. எனினும் 1994இல் பாஸ்டனை அடுத்த ஃபாக்ஸ்பரோவில் வாகைப்போட்டி நடந்தபோது, அவ்வணியின் முன்னாள் உறுப்பினர்கள் நரைத்த தலையோடு மீண்டும் அணிவகுத்து இசைத்தனர். அணி கலைந்து எட்டாண்டு ஆயிருந்தது, அன்பு கலையவில்லை.

2020இல் பெருந்தொற்றினால், 1972க்குப் பின் முதன்முறையாக, கோடைப் பருவமே நடைபெறாது போயிற்று. இக்கலையின் சுமைதாங்கிகள் பெயரற்ற மனிதர்தாம் என்பதை அவ்வெறுமை பலர்க்கு உணர்த்திற்று. இருக்கும்போது எண்ணாததை இல்லாதபோது எண்ணுதல் மனிதர்தம் இயல்பன்றோ!

நினைவும் நேர்மையும்

இதுவரை கூறியவை இனியவை. இனிக் கூறப்போவது இனியதன்று. ஆயினும் கூறியாக வேண்டும்.

2018ஆம் ஆண்டில், இவ்வணிகளுள் பெரும்புகழ் வாய்ந்த ஒன்றை முப்பதாண்டுக்கு மேல் நடத்திய தலைவர்மீது, அவரிடம் பயின்றும் பணிபுரிந்தும் வந்த பெண்கள் பலர் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாகக் கூறினர். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் பதவி விலகினார். அவர் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவ்வணி, முன்னர்க் குறித்த கேடட்ஸ். 1980களில் நேர்ந்ததாகக் கூறப்படும் கொடுமை பற்றிய வழக்கொன்றும் பின்னர் எழுந்தது. அதன் பொருட்சுமையைத் தாங்கவியலாது, பத்து முறை வாகை சூடிய அவ்வணி, 2024இல், தன் தொண்ணூறாம் ஆண்டில், தன் வாயிலை மூடிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 'வீட்டுக் குறையை வீதியில் பேசலாமா? ஆயிரம் நன்மை செய்த நிறுவனத்தை ஒருவர் செயலுக்காக இகழலாமா? இனிய நினைவுகளை மட்டும் பேசினால் ஆகாதா?' எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நிறுவனத்தின்மீது கொண்ட பற்றினாலேயே அவ்வாறு வினவுகின்றனர் என்பதை நான் அறிவேன். ஆயினும் அக்கருத்தோடு உடன்பட என்னால் இயலவில்லை.

தம் இளமையின் மிக இனிய நாட்களை அவ்வணியில் கழித்தோர் பல்லாயிரவர். அவர்தம் நினைவு பொய்யன்று. புண்பட்டோரின் நினைவும் பொய்யன்று. முன்னதைக் காக்கும் பொருட்டுப் பின்னதை மூடினால், இரண்டுமே அழுகிவிடும். தலைவரின் புகழையே பாடிப் பழகிய சபையில், புண்பட்ட ஒரு பெண் வாய் திறப்பது எங்ஙனம்? 'அவரா? அவர் எத்தகைய மனிதர் தெரியுமா?' என்னும் ஒரு சொல்லே அவள் வாயை அடைக்கப் போதுமானது. அன்பு நிறைந்த நினைவு கேடயமாய்க் குற்றத்தின் முன் நின்றுவிட்டால், அது அன்பாகாது. உரிய காலத்தில் ஒருவர் பேசவும், மற்றவர் கேட்கவும் வழியிருந்திருப்பின், புண்பட்டோர் தொகை குறைந்திருக்கும். ஒருவேளை அவ்வணியும் இன்று உயிரோடிருக்கும்.

ஆகவே நினைவுகூர்தல் என்பதற்கு இரு கடமைகள் உண்டு என்பது என் துணிபு. நன்மை செய்தோரைப் பெயர் தெரியாதவராயினும் தேடி நினைத்தல் ஒன்று. தீமைக்கு ஆளானோரை, நிறுவனத்தின் புகழுக்காக மறவாதிருத்தல் மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்வோர் பாதி வரலாறே எழுதுகின்றனர். 2018க்குப் பின் அம்மரபின் அமைப்புகள் இளைஞர் பாதுகாப்புக்கென விதிகளை வகுத்தன. முறையிடுவதற்கு வழிகளை அமைத்தன. காலம் தாழ்ந்து வந்தவைதாம், எனினும் வரவேற்கத்தக்கவை.

நிறைவாக

படைவீரர் அடக்கத்தில் 'டாப்ஸ்' ஊதப் பியூகிள் கலைஞர் போதாமையால், 2003இல் அமெரிக்கப் படைத்துறை ஒரு புதுக் கருவியைப் புழக்கத்திற்குக் கொணர்ந்தது. பியூகிளின் வாய்க்குள் ஒரு சிறு மின்னணுப் பொறி வைக்கப்படும். பொத்தானை அழுத்தினால் பதிவு செய்த இசை ஒலிக்கும். ஏந்தி நிற்பவர் ஊதுவது போல் நின்றால் போதும். ஓசையில் பிழையே நேராது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2000இல், 'பியூகிள்ஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்னும் தொண்டமைப்பு தோன்றியிருந்தது. அதன் தொண்டர் பொருள் பெறாது, முன்பின் அறியாத ஒரு வீரரின் அடக்கத்திற்கும் சென்று நின்று, தம் மூச்சினாலேயே அந்த 24 சுரங்களை ஊதுகின்றனர். குளிரில் இதழ் நடுங்கலாம். ஒரு சுரம் பிசகலாம். ஆயினும் பொறி எழுப்பும் பிழையற்ற ஓசையினும், மனிதர் எழுப்பும் அந்நடுங்கும் ஓசையையே இழந்த குடும்பம் விரும்பும். தம்மவரை நினைத்து ஒருவர் வந்தார் என்பதே அவர்க்கு ஆறுதல்.

மாணவ நண்பர்களே! செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இதுபோன்ற மலர்களில் நம் முன்னோரின் படங்களும் பெயர்களும் இடம்பெறுகின்றன, அது முறையே. அவற்றோடு, உங்கள் விடுதியில் விடியுமுன் அடுப்பு மூட்டுபவர், நூலகத்தில் தூசி துடைத்து நூலை எடுத்துத் தருபவர், ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைப்பவர் ஆகியோரின் பெயரையும் ஒருமுறை கேட்டறியுங்கள். உங்களுள் எவரேனும் புண்பட்டேன் என்று சொல்ல வந்தால், நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள், அமர்ந்து கேளுங்கள். பெரியோர்களே, நீங்களும் கேளுங்கள். நாற்பது ஆண்டு கழித்து நீங்கள் நரைத்த தலையோடு மீண்டும் கூடும்போது, அருகில் நின்றவர் யாரென்பதைத் தடுமாறாமல் சொல்லவும், அவர் முகத்தை நாணமின்றி நோக்கவும் அது ஒன்றே வழி.